வாங்கும் முன் கேளுங்கள்: கிளவுட் தேர்வுக்குப் பணம் கட்டுகிறவர்கள் கவனத்துக்கு

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி, பெரிய நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களையும் மென்பொருளையும் இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் கிளவுட் முறைக்கான அடிப்படைச் சான்றிதழ்த் தேர்வையும் அதற்காகச் செலவழித்த பணத்தையும் பற்றியவை. மிக்ஸியும் குக்கரும் பற்றி எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்; இந்தப் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: பேரன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஏஇசட்-900 என்ற தேர்வுக்குப் பயிற்சிக் கட்டணம் 18,000 ரூபாய், அதற்கென்று புது லேப்டாப் 70,000 ரூபாய் என்கிறான். இவ்வளவு வேண்டுமா? (ஓர் ஆச்சி, காரைக்குடி)

பதில்: வேண்டாம், ஆச்சி. அது மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அஸூர் என்ற தன் கிளவுட் சேவைக்காக நடத்தும் 45 நிமிடத் தேர்வு. 1000க்கு 700 எடுத்தால் தேர்ச்சி. அதற்குரிய பாடங்கள் முழுவதும் அந்நிறுவனத்தின் லேர்ன் தளத்தில் இலவசமாக இருக்கின்றன, மாதிரித் தேர்வும் அங்கேயே இலவசம். தவிர்க்க முடியாத செலவு தேர்வுக் கட்டணம் ஒன்றுதான். அதையும் இடைத்தரகர் சொல்லும் தொகையாகக் கொடுக்காமல், பதிவு செய்யும் பக்கத்தில் காட்டும் தொகையைப் பேரனை உங்கள் கண் முன்னே கட்டச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் இணையப் பக்கம் திறந்தால் படிப்பதற்கு அது போதும். தேர்வு மையத்துக்குப் போய் எழுதினால் அங்கே கம்ப்யூட்டர் தருவார்கள். வீட்டிலிருந்து எழுதினால் கேமராவும் மைக்கும் தடைபடாத இணைப்பும் வேண்டும், அறைக்குள் வேறு யாரும் வரக் கூடாது. ஆகையால் வளவு நிறைய உறவினர் கூடும் நாளில் தேர்வை வைத்துக்கொள்ள வேண்டாம். தனியாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் பையனுக்கு இல்லை, ஆசிரியர் வேண்டும் என்றால் அது வேறு விஷயம். அப்போதும் மொத்தமாகக் கட்டாமல் மாதக் கட்டணமாகக் கேளுங்கள்.

கேள்வி: அஸூர் சான்றிதழ் வாங்குவதா, அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் சான்றிதழ் வாங்குவதா? (புதுவயல்)

பதில்: நீங்கள் வேலை கேட்கப் போகும் நிறுவனம் எதைப் பயன்படுத்துகிறதோ அதை. இன்னும் அது முடிவாகவில்லை என்றால், அஸூரின் அடிப்படைச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது என்பதையும் அமேசானின் கிளவுட் பிராக்டிஷனர் சான்றிதழ் 3 ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பயிற்சி வகுப்பில் ஐயாஸ், பாஸ், சாஸ் என்ற மூன்று கிளவுட் சேவை மாதிரிகளை இட்லிக் கதை சொல்லிக் கற்பித்தார்கள். மாவரைத்து வீட்டில் சுடுவது சொந்த சர்வர் கம்ப்யூட்டர். கடை மாவு வாங்குவது ஐயாஸ். சமையல்காரரை வீட்டுக்கு அழைப்பது பாஸ். மெஸ்ஸில் சாப்பிடுவது சாஸ். கதை நன்றாகப் புரிந்தது. தேர்வில் 640தான் வந்தது. எங்கே தவறினேன்? (பொறியியல் மாணவி, கோட்டையூர்)

பதில்: நீங்கள் தவறவில்லை, உங்களுக்கு விற்கப்பட்ட பொருள் தவறானது. இந்த இட்லிக் கதையின் மீது எனக்கு நெடுநாள் கோபம் உண்டு, ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். மெஸ்ஸில் சாப்பிட்டு இலையை மடித்துவிட்டால் நமக்கு அதன் பிறகு எந்தப் பொறுப்பும் இல்லை. சாஸ், அதாவது ஆயத்த மென்பொருளை வாடகைக்கு எடுப்பது, அப்படிப்பட்டதன்று. அங்கே மென்பொருள் முழுவதையும் வழங்குநர் பார்த்துக்கொண்டாலும், உள்ளே நீங்கள் போட்ட தரவு, அதைத் திறக்கும் கணக்குகளும் கடவுச்சொற்களும், திறக்கப் பயன்படுத்தும் போனும் லேப்டாப்பும் கடைசி வரை உங்கள் பொறுப்பிலேயே இருக்கின்றன. தேர்வில் கேள்வி எழுவது இந்த இடத்தில்தான். கதை உங்களைக் கைவிட்டதும் இந்த இடத்தில்தான்.

மூன்று மாதிரிகளுக்கும் எல்லோரும் எடுத்துக்காட்டும் வரையறை, அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2011 செப்டம்பரில் வெளியிட்ட 800-145 எண்ணுள்ள ஆவணத்தில் இருக்கிறது. சில பக்கங்களே கொண்ட அந்த ஆவணம் ஒவ்வொரு மாதிரியிலும் வாடிக்கையாளரின் கட்டுப்பாட்டில் எது இருக்கிறது, எது இல்லை என்பதைச் சொல்கிறது. ஐயாஸில், அதாவது உள்கட்டமைப்பை மட்டும் வாடகைக்கு எடுக்கும்போது, விண்டோஸ் போன்ற இயங்குதளமும் சேமிப்பும் நீங்கள் நிறுவும் செயலிகளும் உங்கள் கையில் இருக்கும். பாஸில், அதாவது தளத்தை எடுக்கும்போது, நீங்கள் ஏற்றிய செயலியும் அது இயங்கும் சூழலுக்கான சில அமைப்புகளும் உங்கள் கையில் இருக்கும், இயங்குதளம் இராது. சாஸில் செயலியும் அவர்களுடையது. பயனருக்குரிய சில அமைப்புகளை மாற்றலாம், அவ்வளவுதான்.

இதைப் பொறுப்புப் பட்டியலாக நினைவில் வைத்தால் தேர்வுக்குப் போதும். கட்டடம், மின்சாரம், கம்பி, சர்வர் பெட்டி ஆகியவை எந்த மாதிரியிலும் வழங்குநரைச் சேர்ந்தவை. தரவு, சாதனம், கணக்கு ஆகியவை எந்த மாதிரியிலும் உங்களைச் சேர்ந்தவை. இடையில் இருப்பவைதான் கை மாறுகின்றன, அவற்றுள் முதலில் பார்க்க வேண்டியது இயங்குதளம். அதற்கு வரும் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுவ வேண்டியவர் யார் என்று கேளுங்கள். நீங்கள் என்றால் ஐயாஸ். அவர்கள்தான், ஆனால் நிரல் நீங்கள் எழுதியது என்றால் பாஸ். நிரலும் அவர்களுடையது என்றால் சாஸ். பாஸில் செயலி, நெட்வொர்க் கட்டுப்பாடு போன்ற சில வரிகளில் பொறுப்பு இருவருக்கும் பொது என்பதையும் மறக்க வேண்டாம்.

இப்போது தேர்வு வைக்கும் பொறியைப் பாருங்கள். அஸூர் வர்ச்சுவல் மெஷின், அதாவது மென்பொருளால் உருவாக்கிய வாடகைக் கம்ப்யூட்டர் ஒன்றை எடுத்து, அதில் நீங்களே எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை நிறுவினால் அது ஐயாஸ். அஸூர் எஸ்கியூஎல் டேட்டாபேஸ் என்ற சேவையை எடுத்தால் அது பாஸ். இரண்டிலும் இருப்பது ஒரே குடும்பத்து டேட்டாபேஸ், இரண்டையும் விற்பது ஒரே நிறுவனம். பொருளின் பெயரைப் பார்த்து விடையளிப்பவர் இங்கே விழுவார். "நிறுவனத்தின் பழைய மென்பொருளுக்கு இயங்குதளத்தில் நிர்வாகி உரிமை வேண்டும்" என்று கேள்வியில் வந்தால், மற்ற வரிகள் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் விடை ஐயாஸ்தான். "நிரலாளர்கள் சர்வர் பராமரிப்பில் நேரம் செலவிட விரும்பவில்லை" என்றால் பாஸ். அஸூர் ஆப் சர்வீஸ் அந்த வகை. ஆயத்தமான மின்னஞ்சலும் ஆவணங்களும் வேண்டும் என்றால் மைக்ரோசாஃப்ட் 365 போன்ற சாஸ். அடுத்த முறை எழுதப் போகும் முன் இட்லியை மறந்துவிட்டு இந்தப் பட்டியலை உங்கள் கையால் மூன்று முறை எழுதிப் பாருங்கள். யார் எதற்குப் பொறுப்பு என்று சொல்லாத விளக்கத்தை, அது வகுப்பறையில் சொல்லப்பட்டாலும் கடையில் சொல்லப்பட்டாலும், நான் விற்பனைப் பேச்சாகவே எடுத்துக்கொள்வேன்.

கேள்வி: டெலிகிராமில் 999 ரூபாய்க்கு "அசல் தேர்வு வினாக்கள்" என்று ஒரு கோப்பு வாங்கினேன். பல விடைகள் தவறு. பணத்தைத் திரும்பப் பெறுவது எப்படி? (செக்காலை, காரைக்குடி)

பதில்: பெற முடியாது. தேர்வு வினாக்களை வெளியிடுவதும் அப்படி வெளிவந்தவற்றை வைத்து எழுதுவதும் தேர்வுக்கு முன் நீங்கள் ஒப்புக்கொள்ளும் நிபந்தனைக்கு விரோதம். சான்றிதழ் பறிபோகாமல் 999 ரூபாயோடு முடிந்தால் அது உங்கள் நல்ல நேரம்.

கேள்வி: பயிற்சிக்காக அஸூரில் ஒரு வர்ச்சுவல் மெஷின் உருவாக்கினேன். இலவசக் காலம் முடிந்ததும் கட்டணக் கணக்காக மாற்றிக்கொண்டேன். ஒவ்வொரு இரவும் விண்டோஸில் ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் படுத்தேன். ஆனாலும் முழு மாதத்துக்கும் பில் வந்திருக்கிறது. இது மோசடி இல்லையா? (மாணவர், பள்ளத்தூர்)

பதில்: மோசடி இல்லை, தம்பி, ஆனால் உங்கள் மீது எனக்கு இரக்கம் உண்டு, ஏனென்றால் பெயர் வைத்த விதம் யாரையும் ஏமாற்றக்கூடியது. இயங்குதளத்துக்குள்ளிருந்து மெஷினை அணைத்தால் அது "ஸ்டாப்டு" என்ற நிலைக்கு மட்டும் போகிறது. உங்களுக்கென ஒதுக்கிய வன்பொருள் உங்கள் பெயரிலேயே இருப்பதால் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். அஸூர் போர்ட்டலில் உள்ள ஸ்டாப் பொத்தானை அழுத்தி, நிலை "ஸ்டாப்டு (டீஅலொகேட்டட்)" என்று மாறியதைப் பார்த்த பிறகே மெஷினுக்கான வாடகை நிற்கும். அப்போதும் டிஸ்குக்கும் நிலையான பொது ஐபி முகவரிக்கும் கட்டணம் உண்டு. பயிற்சி முடிந்துவிட்டால், மெஷினும் அதன் துணைப் பொருள்களும் அடங்கிய ரிசோர்ஸ் குரூப் முழுவதையும் அழித்துவிடுவதே முறை. அஸூரில் பட்ஜெட் என்ற செலவு வரம்பு வைத்தேனே என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம்: பட்ஜெட் எச்சரிக்கை அனுப்பும், மெஷினை நிறுத்தாது.

பில் தொடர்பான உதவிக் கோரிக்கைக்கு அஸூரில் தனிக் கட்டணம் இல்லை. நடந்ததை உள்ளபடி எழுதித் தள்ளுபடி கேளுங்கள். கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை, கேட்பதில் உங்களுக்கு நஷ்டமும் இல்லை. இனிமேல் கல்லூரி மின்னஞ்சலைக் கொண்டு மாணவர் கணக்கு எடுங்கள். அதில் 100 டாலர் மதிப்புள்ள பயன்பாடு கிடைக்கும், கிரெடிட் கார்டும் கேட்பதில்லை. அப்பாவின் கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டு நிபந்தனைகளைப் படிக்காமல் "சம்மதம்" அழுத்தும் பழக்கத்தை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: "நூறு சதவீதத் தேர்ச்சி, வேலை உறுதி" என்ற விளம்பரத்தை நம்பி மகளுக்கு 24,000 ரூபாய் கட்டினேன். ஆறு வகுப்போடு ஆசிரியர் நின்றுவிட்டார். பணத்தைக் கேட்டால் ரசீதின் பின்பக்கத்தைக் காட்டுகிறார்கள். "கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது" என்று அச்சிட்டிருக்கிறது. நான் ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவன். (தேவகோட்டை)

பதில்: ஐயா, அந்த அச்சைப் பார்த்துத் தயங்க வேண்டாம். சேவையைத் தராமல் பணத்தை வைத்துக்கொள்வது சேவைக் குறைபாடு. ரசீதின் பின்பக்கத்தில் அவர்களாக அச்சிட்டுக்கொண்ட ஒரு வரி, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 உங்களுக்குத் தந்திருக்கும் புகார் உரிமையைப் பறித்துவிடாது.

முதலில் ரசீது, விளம்பரத் துண்டறிக்கை, வகுப்பு நடந்த தேதிகள், வாட்ஸ்அப் உரையாடல்கள் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேருங்கள். சுவரொட்டியாக இருந்தால் இன்றே போய்ப் புகைப்படம் எடுத்துவிடுங்கள், நாளை இருக்காது. பிறகு, நடக்காத வகுப்புகளுக்குரிய பணத்தை 15 நாளில் திருப்பித் தருமாறு ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்பி, அதன் நகலையும் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். அதே நாளில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். பல நிறுவனங்கள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வரும். இறங்கி வராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம், நுகர்வோர் மனுக்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை. தலைமை அலுவலகம் வெளியூரில் இருக்கிறது என்று அவர்கள் சொன்னாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்ய முடியும். காலக் கெடு 2 ஆண்டு.

"நாங்கள் கல்வி நிறுவனம், நுகர்வோர் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது" என்று அவர்கள் வாதிடக்கூடும். கல்வி நிறுவனங்களுக்கு விலக்குச் சொன்ன 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே தேசிய நுகர்வோர் ஆணையம் பயிற்சி மையங்களை அந்த விலக்கில் சேர்க்கவில்லை. மேலும், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பயிற்சி மையங்கள் தேர்ச்சிக்கும் வேலைக்கும் உத்தரவாதம் தந்து விளம்பரம் செய்வதைத் தடை செய்கின்றன. 50 பேருக்கு மேல் பயிலும் மையமாக இருந்தால் உங்கள் மனுவில் இதையும் எழுதுங்கள். என்ன ஆனது என்று எனக்குத் தெரியப்படுத்துங்கள். மகள் படிப்பை நிறுத்த வேண்டாம். முதல் பதிலில் சொன்ன இலவசப் பாடங்கள் அவருக்கும் உரியவை.

கேள்வி: எங்கள் பாரம்பரிய வீட்டை விருந்தினர் விடுதியாக நடத்துகிறோம். அறைப் பதிவுக்கு மாத வாடகை மென்பொருள். வேலையை விட்டுப் போன மேலாளர் பழைய கடவுச்சொல்லில் உள்ளே நுழைந்து எல்லாப் பதிவுகளையும் அழித்துவிட்டார். இந்தத் தேர்வுக்குப் படிக்கும் என் மருமகன், சாஸ் என்றால் எல்லாம் வழங்குநர் பொறுப்பு என்கிறார். நஷ்டஈடு கேட்கலாமா? (கானாடுகாத்தான்)

பதில்: உங்கள் மருமகனைக் கோட்டையூர் மாணவிக்கு எழுதிய பதிலைப் படிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவரும் 640தான் எடுப்பார். யாருக்கு நுழைவு உரிமை என்பதை முடிவு செய்வது சாஸிலும் வாடிக்கையாளர் வேலை. மேலாளர் வேலையை விட்டுப் போன அன்றே முகப்புக் கதவின் சாவியைத் திரும்ப வாங்கியிருப்பீர்கள், இந்தச் சாவியை ஏன் விட்டுவைத்தீர்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. அழித்தவர் மீது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். மென்பொருள் நிறுவனத்திடம் நஷ்டஈடு கேட்கும் முன், தினசரி காப்பு நகல் எடுப்பதாக அவர்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். எழுதியிருந்தால் அந்த நகலைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.

"வாழ்நாள் சேமிப்பிடம்" என்று ஒரே தவணையில் பணம் வாங்கிய ஒரு நிறுவனத்திடம் நானும் குடும்பப் புகைப்படங்களைக் கொடுத்து வைத்திருந்தேன். அந்த நிறுவனத்தின் வாழ்நாள் என் வாழ்நாளைவிடக் குறைவாக இருந்தது. படங்கள் வீட்டு ஹார்டு டிஸ்கிலும் இருந்ததால் பணம் மட்டுமே போயிற்று. நீங்களும் மாதம் ஒருமுறை பதிவுகளை இறக்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏடபிள்யூஎஸ் கிளவுட் பிராக்டிஷனர் தேர்வுக்கு சிஎல்எஃப்-சி01 புத்தகம் பாதி விலையில் கிடைத்தது, வாங்கிவிட்டேன். நல்ல பேரம்தானே? (பொன்னமராவதி)

பதில்: அந்தத் தேர்வு 2023 செப்டம்பர் 18 அன்றோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது நடப்பது சி02; 90 நிமிடம், 65 வினா. சேவை மாதிரிகள் பற்றிய அத்தியாயம் இன்னும் பயன்படும், மற்றவற்றை அமேசான் இலவசமாகத் தரும் தேர்வு வழிகாட்டியோடு ஒப்பிட்டுப் படியுங்கள். புத்தகத்தை விற்றவரிடம் போக வேண்டாம். தேர்வு எண் அட்டையிலேயே இருந்தது.