கேள்வி – பதில்: மூன்று அணிக் குழு சரிவருமா?

கேள்வி: பொங்கல் நோம்பி விடுமுறையில் எங்கள் ஊரில் 12 அணிகள் ஆடும் கால்பந்துப் போட்டியை இரண்டே நாளில் நடத்தி முடிக்க வேண்டும். மும்மூன்று அணிகளாக நான்கு குழுக்கள் பிரிக்கலாம் என்றால், உலகக் கோப்பையிலேயே வேண்டாம் என்று கைவிட்ட முறை அது என்கிறார் எங்கள் பயிற்சியாளர். உண்மையா?
– வாசகர், பெருந்துறை

பதில்: பயிற்சியாளர் சொல்வது உண்மைதான், ஆனால் கைவிட்ட காரணம் உங்கள் போட்டிக்குப் பொருந்தாது. 2026 உலகக் கோப்பையில் 48 அணிகளை மும்மூன்றாக 16 குழுக்களில் ஆடவைப்பது என்றுதான் ஃபிஃபா 2017இல் தீர்மானித்திருந்தது. 2023 மார்ச்சில் அதை விட்டுவிட்டு, நான்கு அணிகள் கொண்ட 12 குழுக்களுக்கு மாறியது. மூன்று அணிகள் இருந்தால் கடைசி ஆட்டத்தின்போது ஓர் அணி வெளியே உட்கார்ந்திருக்கும். குழுவிலிருந்து இரண்டு அணிகள் முன்னேறலாம் என்னும்போது, களத்தில் நிற்கும் இருவரும் தங்களுக்குத் தோதான முடிவைப் பேசி வைத்துக்கொள்ள வழியிருக்கிறது.

இது வெறும் சந்தேகமல்ல. 1982இல் ஸ்பெயினில் நடந்த உலகக் கோப்பையில், மேற்கு ஜெர்மனியை 2–1 என வீழ்த்தி உலகையே வியக்கவைத்த அல்ஜீரியா, தன் கடைசி ஆட்டத்தை முந்தைய நாளே ஆடி முடித்துவிட்டது. மறுநாள் கிகோன் நகரில் ஆஸ்திரியாவை ஒன்றிரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெர்மனி வென்றால் அந்த இரு அணிகளும் தேறும், அல்ஜீரியா வெளியேறும் என்பது விளையாடுவோருக்கும் பார்ப்போருக்கும் தெரிந்தே இருந்தது. பத்தாவது நிமிடத்தில் ரூபெஷ் ஒரு கோல் அடித்தார். அதன்பின் பந்து பின்களத்திலேயே உருண்டுகொண்டிருக்க, அரங்கிலிருந்த அல்ஜீரிய ரசிகர்கள், ஆட்டம் விலைபோய்விட்டது என்று பணத்தாள்களை ஆட்டிக் காட்டினார்கள். அல்ஜீரியாவின் முறையீடு எடுபடவில்லை. ஆனால் 1986 முதல் ஒரு குழுவின் கடைசி இரு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. மூன்று அணிக் குழுவில் அந்த மருந்துக்கே இடமில்லை.

உங்கள் கணக்கு வேறு. நான்கு குழுக்களிலும் முதலிடம் பெறுபவர் மட்டுமே நேரே அரையிறுதிக்குப் போகிறார். ஒருவர்தான் தேற முடியும் என்றால், இருவர் சேர்ந்து பங்குபோட அங்கே எதுவும் இல்லை. 1930இல் உருகுவேயில் நடந்த முதல் உலகக் கோப்பையில் 13 அணிகள் ஆடியபோது மூன்று குழுக்கள் இப்படித்தான் இருந்தன. 1982இன் இரண்டாம் சுற்றும் இதே வகையே. அதில் இன்னொரு நல்ல வழக்கத்தையும் கடைப்பிடித்தார்கள்: முதல் ஆட்டத்தில் தோற்ற அணியே இரண்டாவது ஆட்டத்தில் இறங்க வேண்டும். அதனால் கடைசி ஆட்டம் உயிரோடு இருக்கும். சமன் செய்தாலே போதும் என்றிருந்த பிரேசிலை இத்தாலி 3–2 என வென்றது அப்படியொரு கடைசி ஆட்டத்தில்தான். இந்த இரண்டையும் கடைப்பிடித்தால், குழு ஆட்டம் 12, அரையிறுதி 2, இறுதி 1 என 15 ஆட்டங்களில் முடித்துவிடலாம்.

கேள்வி: பேசாமல் தொடக்கத்திலிருந்தே நாக்-அவுட் வைத்தால் என்ன?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: 11 ஆட்டங்களே போதும், முதல் சுற்றில் நான்கு அணிகளுக்கு ‘பை’ (ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு) கொடுக்க நேரும். 1934இல் இத்தாலியில் அப்படி வைத்ததில், கப்பலேறிக் கடல் தாண்டி வந்த பிரேசிலும் அர்ஜென்டினாவும் தலா ஓர் ஆட்டம் தோற்று ஊர் திரும்பின. வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு இறங்கி வரும் அணியை, காலைச் சாப்பாட்டின் சூடு ஆறுமுன் திருப்பியனுப்ப எனக்கு மனம் வராது.

கேள்வி: 48 அணிகள் என்பது தரத்தைக் குறைத்துவிடாதா?
– வாசகர், தாராபுரம்

பதில்: தரத்தைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. 12 குழுக்களிலும் முதலிரண்டு இடம் பெறும் 24 அணிகளோடு, மூன்றாமிடம் பெற்றவற்றில் சிறந்த எட்டும் 32 அணிச் சுற்றுக்குப் போகும். மொத்தம் 104 ஆட்டங்கள். மூன்றாமிடத்தாரைச் சேர்ப்பது புதிதல்ல. 1986, 1990, 1994 உலகக் கோப்பைகளிலும் உண்டு. 2016இல் ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பையில் போர்ச்சுகல் குழுவில் மூன்று ஆட்டங்களையும் சமன் செய்து, மூன்றாமிடத்தில் தொற்றிக்கொண்டு நுழைந்து, இறுதியில் பிரான்ஸை அதன் சொந்த மண்ணிலேயே 1–0 என வென்று கோப்பையை எடுத்துச் சென்றது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லாக் குழுக்களும் ஒரே நாளில் முடிவதில்லை. பின்னால் ஆடும் குழுவினர், எத்தனை புள்ளி, எத்தனை கோல் இருந்தால் தேறலாம் என்ற கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே களமிறங்குவார்கள். கிகோனுக்குப் பிறகு முன்வாசலில் பூட்டிய பூட்டு, பின்வாசலில் இன்னும் திறந்தேதான் கிடக்கிறது.