பழைய மடிக்கணினியில் புது லினக்ஸ்: பாதியில் நிற்பது ஏன்?

கேள்வி: அண்ணனுக்கு 2012-ல் பிளஸ் டூவில் அரசு கொடுத்த மடிக்கணினி இது. ராம் 2 ஜிபி, ஹார்ட் டிஸ்க் 320 ஜிபி. லினக்ஸ் மின்ட் 22 இயங்குதளத்தைப் பென் டிரைவில் ஏற்றிப் போட்டேன். சின்னம் வந்ததும் திரை கறுத்துவிட்டது. மறுமுறை உள்ளே போனது. ஃபைல் காப்பி ஆகும்போது பாதியில் நின்றது. கடையில் ‘போர்டு போச்சு’ என்கிறார்கள். தூக்கிப் போடவேண்டியதுதானா?
- வாசகி, பணகுடி

பதில்: அவசரப்பட வேண்டாம். காப்பி ஆகும் கட்டம் வரை வந்த கணினியில் போர்டைச் சந்தேகிப்பது கடைசி வேலை. நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

திரை கறுப்பது பெரும்பாலும் கிராபிக்ஸ் சிக்கல். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் புதிதாக இருந்தால், திரையின் அளவைத் தானே அமைக்க முயலும். பழைய சிப் அதில் தடுமாறினால் படம் மட்டும் வராது, உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். பென் டிரைவிலிருந்து பூட் ஆகும்போது வரும் பட்டியலில் ‘கம்பாட்டிபிலிட்டி மோடு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். நிறுவிய பிறகும் கறுத்தால், ஆன் செய்ததும் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டால் கிரப் என்ற பூட் பட்டியல் வரும். அதில் ஆங்கில ‘e’ விசையைத் தட்டி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியில் ‘குவயட் ஸ்ப்ளாஷ்’ (quiet splash) இருக்கும் இடத்தில் ‘நோமோட்செட்’ (nomodeset) என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் அடித்து எஃப்10 அழுத்துங்கள். அந்த ஒரு முறைக்கு மட்டுமே இது செல்லும். அப்டேட் எல்லாம் முடித்துவிட்டு, இது இல்லாமல் பூட் செய்து பாருங்கள். நிரந்தரமாக வைத்தால் வீடியோ திக்கித் திக்கித்தான் ஓடும்.

காப்பி பாதியில் நிற்பதைத்தான் பொறுமையாகப் பார்க்க வேண்டும். முதலில் இறக்கிய ஐஎஸ்ஓ ஃபைல். விட்டுவிட்டு வரும் இணைப்பில் அது பழுதாக இறங்கியிருக்கலாம். பென் டிரைவில் எழுத உதவும் ரூஃபஸ் செயலியிலேயே டிக் குறியிட்ட சிறு பொத்தான் உண்டு; அது காட்டும் ஷா-256 எண்ணும் (ஃபைலின் கைரேகை போன்றது) மின்ட் தளத்தில் உள்ள எண்ணும் ஒரு எழுத்துகூட மாறக்கூடாது. சரியாக இருந்தால் வேறொரு பென் டிரைவில், 8 ஜிபி போதும், ஐஎஸ்ஓவை அப்படியே பிரதி எடுக்கும் ‘டிடி’ முறையில் எழுதுங்கள்.

அதன்பின் ஹார்ட் டிஸ்க். நிறுவாமல், பென் டிரைவிலிருந்தே மின்ட்டை ஓடவிட்டு ‘டிஸ்க்ஸ்’ செயலியைத் திறந்து டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். ‘கரன்ட் பெண்டிங் செக்டார்’ எண்ணிக்கை பூஜ்யமாக இல்லையென்றால் டிஸ்கில் படிக்க முடியாத இடங்கள் இருக்கின்றன என்று பொருள். ‘எர்னோ 5’ (Errno 5) என்ற பிழைச் செய்தி வந்திருந்தாலும் டிஸ்கையோ பென் டிரைவையோதான் சந்தேகிக்க வேண்டும். டிஸ்க்தான் என்றால் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) ஒன்று போட்டுவிடுங்கள். ஒட்டுப்போட்டு ஓட்ட வேண்டாம்.

மூன்றாவது சூடு. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வாரியடிக்கும் உங்கள் ஊர்ப்பக்கம் விசிறியில் புழுதி அடைப்பது சாதாரணம். சூடு ஏறினால் கணினி தானே அணைந்துவிடும். அடிமூடியைக் கழற்றி, விசிறி சுற்றாதபடி பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பேட்டரி செத்துப்போயிருந்தால், கரண்ட் நிறுத்தும் நாளில் நிறுவ உட்காராதீர்கள்.

2 ஜிபி ராம் மின்ட்டுக்கு அடிமட்ட அளவு. மின்ட்டின் சின்னமன் பதிப்பு வேண்டாம், அதைவிட இலகுவான எக்ஸ்எஃப்சிஇ (Xfce) பதிப்பை எடுங்கள். நிறுவும்போது பிரௌசரைத் திறக்காதீர்கள். டிஸ்க் நன்றாக இருந்தால் முதல் செலவு ராமுக்கே: மடிக்கணினிக்கான டிடிஆர்3, 4 ஜிபி. வாங்குமுன் பழைய ராமின் லேபிளைப் படம் எடுத்துப் போங்கள்.

‘எரேஸ் டிஸ்க்’ என்பதைத் தேர்ந்தால் விண்டோஸ், பாஸ் (BOSS) லினக்ஸ், அண்ணனின் படங்கள் எல்லாம் அழியும். முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவிய பின் அப்டேட் மறுத்து, இணையதளங்கள் சான்றிதழ்ப் பிழை காட்டினால் தேதியைப் பாருங்கள். போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால் கணினி பழைய வருஷத்துக்குப் போய்விடும். அந்தப் பேட்டரியை மாற்றி, பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் வரும் அடிப்படை அமைப்புத் திரை) தேதியைச் சரிசெய்தால் போதும்.