பகலில் பத்தியம், ராத்திரி மிக்சர் டப்பா

கேள்வி: எனக்கு வயது 39, எடை 74 கிலோ. குரோம்பேட்டையில் வீடு, நுங்கம்பாக்கத்தில் அலுவலகம். மூன்று வருடமாக மாற்றி மாற்றி டயட் இருக்கிறேன். காலையில் கிரீன் டீ, மதியம் வெள்ளரிக்காயும் ஒரு சப்பாத்தியும், ராத்திரி ஏழு மணிக்கு சூப். ஆனால் எல்லோரும் படுத்த பிறகு அடுப்படியில் நின்றபடியே மிக்சர், மிச்ச சாதம் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் தின்கிறேன். அப்புறம் அழுகை வருகிறது. அபார்ட்மெண்டில் தெரிந்தவர் மூலம் வந்த ஒரு கோச், 'இன்ட்யூட்டிவ் ஈட்டிங்' (பசியைக் கேட்டுச் சாப்பிடுவது) முறையில் 12 வாரத்தில் 8 கிலோ குறைக்கலாம் என்கிறார். கட்டணம் 24,000 ரூபாய், பவுடர் தனி. 5,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டலாமா? இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் மாமியாரும் (சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார்) 'பசித்தால்தான் சாப்பிடுவேன்' என்று காலை டிபனைத் தள்ளிப்போடுகிறார்.

பதில்: மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். இதில் அவசரமானது உங்கள் மாமியார் விஷயம்தான்.

அவருடைய மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விடுங்கள்; கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். கிளிமெபிரைட், கிளிக்ளசைட், கிளிபிசைட், கிளிபென்கிளமைட் என்று ஏதாவது இருக்கிறதா? இந்த வகை மாத்திரை, வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று பார்க்காது. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். மாத்திரையைப் போட்டுவிட்டு டிபனைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கும். வயதானவர்களுக்கு, அதிலும் சிறுநீரகம் கொஞ்சம் பலவீனமாக இருந்தால், மருந்து உடம்பில் அதிக நேரம் தங்கி இன்னும் இறக்கும். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரும்பாலும் இந்தப் பயம் இல்லை. ஆனால் ஒரே மாத்திரையில் இரண்டையும் சேர்த்தே நிறைய பேருக்கு எழுதுகிறார்கள், அதனால் பாதிப் பெயரைப் படித்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள்.

கை நடுக்கம், குப்பென்று வியர்வை, திடீரென்று அகோரப் பசி, பேச்சில் குழப்பம் வந்தால் உடனே சர்க்கரையைச் சோதியுங்கள். 70க்குக் கீழே இருந்தாலோ, சோதிக்கக் கருவி இல்லை என்றாலோ, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. சாக்லேட் வேண்டாம், அதில் இருக்கும் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். ஏகாதசி, கிருத்திகை என்று விரதம் இருப்பவர் என்றால் அதையும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மாத்திரையின் அளவையோ நேரத்தையோ அவர் மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்தக் கூடாது. அதுவரை மாமியாருக்குப் பசியைக் கேட்டுச் சாப்பிடும் முறை வேண்டவே வேண்டாம். அவருக்குக் கடிகாரம்தான் சரி.

மருந்து எழுதும்போதே இரண்டு வரியில் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. டோக்கன் எண்பதைத் தாண்டி ஓடுகிற ஓ.பி.யில் யார் உட்கார்ந்து சொல்வது? பாதி எழுத்து அழிந்துபோன ஒரு ஜெராக்ஸ் தாளைத்தான் கையில் திணிக்கிறார்கள். அதில் ஓட்ஸும் புரோக்கோலியும் இருக்கும். புழுங்கலரிசி எத்தனை கரண்டி என்று இருக்காது.

சரி, இப்போது உங்கள் விஷயம். ராத்திரி அடுப்படியில் நீங்கள் நிற்பதற்குக் காரணம் மன உறுதிக் குறைவு இல்லை, பசி. நீங்கள் எழுதியிருக்கும் பகல் சாப்பாடு மொத்தமும் 500 கலோரியைத் தொடுமா என்பதே சந்தேகம். 1944, 45இல் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், திடகாத்திரமான 36 ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். அரைப்பட்டினி என்றாலும் தினமும் 1,600 கலோரியை ஒட்டிக் கொடுத்தார்கள். அதற்கே அவர்கள் நாள் முழுக்கச் சாப்பாட்டையே நினைத்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், தட்டை நக்கினார்கள். பட்டினி முடிந்த பிறகும் சிலருக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் 'போதும்' என்ற உணர்வு வர மாதக்கணக்கில் ஆனது. அவர்கள் யாரும் மன உறுதி இல்லாதவர்கள் அல்ல. நீங்களும் அல்ல.

நீங்கள் கேட்ட இன்ட்யூட்டிவ் ஈட்டிங் முறையை 1995இல் ஈவ்லின் டிரிபோலி, எலிஸ் ரெஷ் என்ற இரண்டு அமெரிக்க உணவியலாளர்கள் வகுத்தார்கள். அதில் பத்துக் கொள்கைகள். டயட் என்ற எண்ணத்தையே விட்டுவிடு என்பதுதான் முதல் கொள்கை. பசி, நிறைவு இரண்டையும் கவனித்து, எந்தப் பண்டத்தையும் பாவம் என்று ஒதுக்காமல் சாப்பிடப் பழகுவது அடுத்தடுத்து வரும். எடை குறையும் என்று அது வாக்குக் கொடுப்பதே இல்லை. அப்படியிருக்க, 12 வாரத்தில் 8 கிலோ என்று ஒருவர் இதை விற்றால், அவர் விற்பது பழைய டயட்டைத்தான், பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிவிட்டார்.

இந்தக் கோச் வியாபாரம் எப்படி நடக்கிறது தெரியுமா? முதலில் இலவச ஆலோசனை. பிறகு ஒரு மெஷின் மேல் ஏறி நிற்கச் சொல்லி, 'உங்கள் உடம்பின் வயது 56' என்று பயமுறுத்துவார்கள். அந்த மெஷின் உடம்புக்குள் லேசாக மின்சாரத்தைச் செலுத்திக் கணக்குப் போடுகிறது. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால் கணக்கு மாறும். முதல் வாரம் இரண்டு கிலோ குறைந்ததைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்கள். அதில் பெரும்பங்கு தண்ணீர்தான்: மாவுச்சத்தைக் குறைத்ததும், உடம்பின் சேமிப்பில் இருந்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்தும் அது பிடித்துவைத்திருந்த நீரும் வெளியேறுகின்றன. அடுத்தது பவுடர். 'டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்கிறதே' என்பார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அந்த 14 இலக்க எண் ஊறுகாய் பாட்டிலிலும் இருக்கிறது. உணவுத் தொழில் செய்ய உரிமம் உண்டு என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. கடைசியில் நீங்களே கோச் ஆனால் பவுடர் தள்ளுபடியில் கிடைக்கும் என்பார்கள். உங்கள் அபார்ட்மெண்ட்காரர் எப்படி இதில் வந்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

உணவியலாளர்களையும் சேர்த்து முறைப்படுத்த 2021இலேயே மத்திய அரசு சட்டம் கொண்டுவந்துவிட்டது. ஆனால் 'கோச்' என்று போர்டு மாட்டிக்கொள்ள இன்றைக்கும் யாரிடமும் எந்தச் சான்றும் காட்ட வேண்டியதில்லை! ஆலோசனை வேண்டுமென்றால் உணவியலில் முதுநிலைப் பட்டம் இருக்கிறதா, எதையாவது விற்கிறாரா என்று இரண்டையும் கேளுங்கள். விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் செலவழிக்காமல் நீங்களே தொடங்கலாம். மூன்று வருடம் அடக்கிவைத்த பசி உடனே சரியாகக் குரல் கொடுக்காது, அதனால் முதல் சில வாரம் உங்களுக்கும் கடிகாரம்தான். காலையில் இட்லியோ தோசையோ உட்கார்ந்து சாப்பிடுங்கள். மதியம் சாதம், சாம்பார், ஒரு பொரியல், கூடவே முட்டையோ மீனோ சுண்டலோ கட்டாயம். சாயங்காலம் நுங்கம்பாக்கத்தில் டிரெயின் ஏறுவதற்கு முன்பே கொஞ்சம் வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம். இதை விட்டால் ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழையும்போதே ராத்திரிச் சண்டை தொடங்கிவிடும். ராத்திரி சூப் போதாது, சாப்பாடு சாப்பிடுங்கள்.

மிக்சரை வீட்டிலிருந்து விரட்ட வேண்டாம். வேண்டும் என்று தோன்றினால் ஒரு தட்டில் போட்டு, விளக்கைப் போட்டு, உட்கார்ந்து சாப்பிடுங்கள். தடை போனதும் தொடக்கத்தில் கொஞ்சம் அதிகமாகவே உள்ளே போகும், பயப்படாதீர்கள். எப்போதும் கிடைக்கிற பண்டத்தின் மேல் வெறி தானாகக் குறையும். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் பத்தரை மணிக்குக் கால் அடுப்படிக்கே போனால், அது பசி இல்லாமல் இருக்கலாம். நாள் முழுக்க அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் ஓடியவருக்கு, யாரும் கூப்பிடாத நேரம் அது ஒன்றுதான். அந்த அரைமணியை வேறு இடத்தில் எடுத்துக்கொள்ள வீட்டில் பேசித்தான் ஆக வேண்டும், டயட் சார்ட்டில் அதற்கு வழி இல்லை. தின்றதை வாந்தியெடுத்து வெளியே தள்ளும் பழக்கம் இருந்தால் மட்டும் மனநல மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

எடை மெஷினைக் கொஞ்ச நாள் பரண் மேல் வையுங்கள். அதற்குப் பதில் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இலவசமாகப் பார்த்துவிடுங்கள்.

இனி அந்த 5,000. பயிற்சியில் சேரவில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று வாட்ஸ்அப்பிலேயே எழுத்தில் கேளுங்கள். போனில் பேசினால் ஆதாரம் இருக்காது. பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டும், '8 கிலோ' என்று அவர்கள் அனுப்பிய விளம்பரமும் அழியாமல் இருக்கட்டும். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பவுடர் டப்பா வந்திருந்தால் சீலைப் பிரிக்காதீர்கள். பிரித்துவிட்டால் அதையே சாக்காக வைத்துப் பணத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.