பட்டறைப் பக்கம்: ஆறு வயசுக்காரனுக்கு எந்த வில்?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. பள்ளி மாறுவேடப் போட்டியில் ராமர் வேஷம் போட்டதிலிருந்து வில் வேண்டும் என்று ஒரே அடம். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் வில் இரண்டாம் நாளே ஒடிந்துவிட்டது. "நிஜமாவே அம்பு போற வில்" வேண்டுமாம். வீட்டில் ஒரு கத்தி, சின்ன ரம்பம், உப்புத்தாள் தவிர வேறு சாமான் கிடையாது. மரத்தில் நாங்களே செய்துகொடுக்க முடியுமா? என்ன மரம் வாங்குவது?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: முடியும் அம்மா. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல் போதும். ஆனால் மரக்கடைக்குப் போகாதீர்கள். சவுக்கும் மூங்கிலும் விற்கிற மண்டிக்குப் போங்கள். மரக்கடையில் கிடைக்கும் ரீப்பர் கட்டை மெஷினில் அறுத்தது. நார் ஒரு பக்கம் ஓடும், ரம்பம் ஒரு பக்கம் ஓடியிருக்கும். நார் பாதியில் வெளியே வந்து முடிகிற இடம் எதுவோ, அங்கேதான் வில் ஒடியும். மூங்கிலில் அந்தத் தொல்லை இல்லை. பிளந்தால் நார் போகிற வழியேதான் பிளக்கும், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை.

துளை சிறுத்து, சுவர் விரல் கனத்துக்கு இருக்கிற மூங்கிலாகப் பாருங்கள். வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். பச்சையாக இருந்தால் வளைத்த வளைவிலேயே நின்றுவிடும், திரும்பி நிமிராது. 4 அடித் துண்டு ஒன்று அறுத்து, ஒன்றரை அங்குல அகலத்தில் பிளாச்சாகப் பிளந்து தரச் சொல்லுங்கள். மூங்கிலைப் பிளப்பது பழகிய கைக்குத்தான் சரிப்படும். அதை வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். இரண்டு பிளாச்சாக வாங்கி வையுங்கள். முதல் வில் பெரும்பாலும் பாடம் படிக்கத்தான்.

பையனைச் சுவரோரம் நிற்க வைத்து அவன் நெற்றி உயரத்துக்குப் பிளாச்சை அறுங்கள். 6 வயசுப் பிள்ளைக்கு 42, 43 அங்குலம் வரும். நடுவில் 4 அங்குலம் பிடி. அங்கே கனத்தைக் குறைக்கக் கூடாது. பிடியில் ஓர் அங்குல அகலம், இரண்டு முனையிலும் அரை அங்குலம் என்று பக்கவாட்டில் சீவிச் சரிவாகக் கொண்டுபோங்கள்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. கனத்தைக் குறைப்பது உட்பக்கத்தில் மட்டும். வழுவழுவென்று இருக்கிற வெளித்தோலைத் தொடவே கூடாது. கணு புடைத்திருக்கிறதே என்று அதையும் சீவிவிடாதீர்கள். உப்புத்தாளால் இரண்டு தேய் தேய்த்தால் போதும். உட்பக்கத்தில் கத்தியை நெட்டுக்குத்தாகப் பிடித்துச் சுரண்டுங்கள். தேங்காய்த் துருவல் மாதிரி உதிர வேண்டும். பட்டை பட்டையாக உரிந்து வந்தால் அதிகம் எடுக்கிறீர்கள் என்று அர்த்தம். கால் அங்குலக் கனத்துக்கு வந்ததும் நிறுத்தி, ஒரு முனையைத் தரையில் ஊன்றி, பிடியில் கை வைத்து மெல்ல அமுக்கிப் பாருங்கள். வளைவு பிறை போல ஒரே சீராக வர வேண்டும். எங்காவது முழங்கை மடங்குவது மாதிரி தெரிந்தால் அந்த இடம் ஏற்கெனவே மெலிந்துவிட்டது, இனி அங்கே கத்தி போகக் கூடாது. விறைப்பாக நிற்கிற இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, அதை மட்டும் சுரண்டுங்கள். இப்படி இரண்டு பாதியும் ஒன்றுபோல வளைகிற வரைக்கும் சுரண்டுவது, பார்ப்பது, சுரண்டுவது, பார்ப்பது. அவசரக்காரர்களுக்கு ஏற்ற வேலை இல்லை.

முனையிலிருந்து முக்கால் அங்குலம் தள்ளி, இரண்டு ஓரத்திலும் சாய்வாகச் சின்னக் காடி வெட்டினால் நாண் அதில் உட்காரும். காடி வெளித்தோலுக்குக் குறுக்கே போகக் கூடாது. நாணுக்குச் செருப்புத் தைக்கிற மெழுகு நூலை இரண்டு மூன்று இழையாக முறுக்கிக்கொள்ளுங்கள். பட்டம் விடுகிற மாஞ்சா நூலைப் பக்கத்தில்கூடக் கொண்டுவராதீர்கள். நாணேற்றியதும் பிடிக்கும் நாணுக்கும் நடுவே உங்கள் பையன் கையை முட்டியாக மடக்கிக் கட்டைவிரலை நிமிர்த்தி வைத்தால் சரியாக நிற்க வேண்டும். ஏறக்குறைய 4 அங்குலம். தோல் பக்கம் எதிரியைப் பார்க்க வேண்டும், உட்பக்கம் வில்லாளியைப் பார்க்க வேண்டும். இதை மாற்றி நாணேற்றி ஒடித்தவர்கள் நிறைய.

எவ்வளவு பலம் இருக்கலாம்? இதை என் பட்டறையில் நான் பார்க்கிற விதம் இதுதான்: சுவரில் ஒரு முளை அடித்து, வில்லின் பிடியை அதில் மாட்டிவிடுவேன். நாண் கீழே இருக்கும். ஒரு மஞ்சப்பையில் 1 லிட்டர் தண்ணீர் பாட்டில் மூன்றைப் போட்டு நாணின் நடுவில் தொங்கவிடுவேன். 3 லிட்டர் என்றால் 3 கிலோ. அந்தக் கனத்துக்கு நாண் பிடியிலிருந்து ஒன்றே முக்கால் சாண், அதாவது 15, 16 அங்குலம் இறங்கினால் 6 வயசுக்குச் சரியான வில். ஒரு சாணிலேயே நின்றுவிட்டால் இன்னும் சுரண்ட வேண்டும். பாட்டில் தொங்கும்போது கொஞ்சம் விலகி நின்று பார்த்தால் எந்தப் பாதி சோம்பேறி என்பதும் தெரிந்துபோகும்.

வீட்டு ஆண்கள் வந்து இழுத்துப் பார்த்து, "இது என்ன, தொளதொளன்னு இருக்கு" என்பார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வில் அவர்களுக்கு இல்லை. அவர்கள் முழுக்கை நீளத்துக்கு இழுத்தால் ஒடியவும் செய்யும், ஆகவே கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கேள்வி: நானும் மூங்கிலில்தான் செய்தேன். பளபளப்பாக இருக்கட்டும் என்று மேல்தோலைச் சீவி, கணுவையெல்லாம் மட்டமாக்கி, இரண்டு கை வார்னிஷ் அடித்தேன். மூன்றாம் நாள் நடுவில் சிலிர்த்துக்கொண்டு ஒடிந்தது. மூங்கில் உளுத்ததாக இருக்குமோ?
– ஒரு தகப்பனார், மதுரை

பதில்: மூங்கில் மேல் பழி போடாதீர்கள் தம்பி. வில் வளையும்போது வெளிப்பக்கம் இழுபடுகிறது, உட்பக்கம் நசுங்குகிறது. மூங்கிலில் நார் நெருக்கமாக இருப்பது தோலை ஒட்டித்தான், உள்ளே போகப் போக நார் குறைந்து வெறும் சோறு. இழுப்பைத் தாங்குகிற பாகத்தைச் சீவி எறிந்துவிட்டு, சோற்றை வைத்து வில் கட்டியிருக்கிறீர்கள். கணுவிலும் அப்படியே. அங்கே நார் கொஞ்சம் வளைந்துதான் ஓடும். புடைப்பை மட்டமாக்கினால் அத்தனை நாரும் அறுந்துவிடும்.

இன்னொன்றும் கேட்கிறேன். அம்பு வைக்காமல் வெறும் நாணை இழுத்து இழுத்து விட்டீர்களா? பிள்ளைகள் செய்வார்கள், "டொய்ங்" என்று சத்தம் வருவது அவர்களுக்குப் பிடிக்கும். அம்பு இருந்தால் வில்லின் வேகத்தை அது வாங்கிக்கொண்டு போய்விடும். இல்லாவிட்டால் அந்த அதிர்ச்சி முழுக்க வில்லுக்கே திரும்பும். விளையாடி முடித்ததும் நாணைக் கழற்றி வைக்கவும் பழக்குங்கள்.

கேள்வி: மூங்கில் மண்டி எங்கள் ஊர்ப்பக்கம் இல்லை. தோட்டத்தில் கொய்யா, புளி, வேம்பு இருக்கின்றன.
– ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: கொய்யா. கவட்டைக்கு நாம் அதைத்தானே தேடினோம்? கட்டைவிரல் கனத்தில், கிளை பிரியாத நேரான கம்பாக வெட்டி, இரண்டு முனையிலும் மெழுகு தடவி, ஒரு மாதமாவது நிழலில் காயப் போடுங்கள். வெயிலில் போட்டால் வெடிக்கும். காய்ந்த பிறகு தானாக எந்தப் பக்கம் லேசாக வளைந்திருக்கிறது என்று பார்த்து, குழிந்த பக்கத்தை உட்பக்கமாக வைத்துக்கொண்டு அதை மட்டும் சீவுங்கள். புளிய மிளாரும் ஆகும், ஆனால் நேராகக் கிடைப்பது கஷ்டம்.

கேள்வி: அம்புக்கு என்ன செய்வது? முனையில் ரப்பர் வைத்தால் போதுமா? எங்கள் அப்பா காலத்தில் விளக்குமாற்றுக் குச்சியை வைத்தே விட்டார்களாமே?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: விட்டோம். அதனால்தான் சொல்கிறேன், வேண்டாம். எனக்கு 9 வயசில் உடைந்த குடைக்கம்பியை வளைத்துச் சணல் கட்டி ஒரு வில் செய்தேன். அம்பு ஈர்க்குச்சி. கொல்லையில் முருங்கை மரத்தைக் குறி பார்த்து விட்டதில் குச்சி அடிமரத்தில் பட்டுச் சறுக்கி, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் தங்கையின் புருவத்தில் ஏறியது. அரை விரல் கீழே என்றால் கண். அவளுக்கு இப்போது 58 வயசு. இன்றைக்கும் தீபாவளிக்கு வந்தால் அந்தத் தழும்பைப் பேரன் பேத்திகளிடம் காட்டி, "இது உங்க தாத்தா வெச்ச பொட்டு" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வராது.

1987இல் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தூர்தர்ஷனில் ராமாயணத் தொடர் ஓட ஆரம்பித்தபோது தெருப் பிள்ளைகள் பாதிப்பேர் என் பட்டறை வாசலில்தான் நிற்பார்கள். எல்லோருக்கும் வில் செய்து கொடுத்தேன். அம்பை மட்டும் நானே செய்து, எண்ணிக் கொடுத்து, சாயங்காலம் எண்ணி வாங்கி வைத்துக்கொள்வேன்.

ரப்பர் புஷ் மட்டும் போதாது. நாற்காலிக் காலுக்குப் போடுகிற புஷ் கண்குழிக்குள் தாராளமாகப் போகும். முனை கண்குழியைவிட அகலமாக இருக்க வேண்டும், 2 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. நான் செய்வது: சுண்டுவிரல் கனத்தில் 20 அங்குலக் குச்சி, நன்றாக உப்புத்தாள் போட்டது. மூங்கில் குச்சி என்றால் சிலாம்பு ஏறும், விளக்கில் லேசாக வாட்டித் தேய்த்துவிடுங்கள். முனையில் ஒரு பாட்டில் மூடியைக் குப்புறப் பசை போட்டு ஒட்டி, காய்ந்ததும் அதன் மேல் ஸ்பாஞ்சுப் பந்தைப் பாதி துளைத்துச் செருகி, பழைய பனியன் துணியால் சுற்றிக் கழுத்தில் இறுக்கிக் கட்டிவிடுவேன். மூடி எதற்கு என்றால், அது இல்லாவிட்டால் பத்து இருபது தடவை மோதியதும் குச்சி பந்தைக் குத்திக்கொண்டு மறுபக்கம் எட்டிப் பார்க்கும். வாரம் ஒரு தடவை பந்தை அமுக்கிப் பாருங்கள். குச்சி விரலில் தட்டுப்பட்டால் அம்பைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

குறிக்கு, துணி காயப்போடும் கொடியில் பழைய போர்வையைத் தொளதொளவென்று தொங்கவிடுங்கள். அம்பு அதில் பட்டு அப்படியே கீழே விழும். சுவரில் விட்டால் திரும்பி வரும். வானத்தைப் பார்த்து விடுவது கிடையாது. விடுகிறவனுக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. எல்லா அம்பும் போய், வில் தரையில் வைத்த பிறகுதான் எடுக்கப் போக வேண்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் என்றால் போனைப் பார்த்துக்கொண்டு இல்லை.

கேள்வி: பேத்திக்கு மூன்றரை வயசு. அண்ணனுக்குச் செய்ததைப் பார்த்து அவளும் கேட்கிறாள்.
– ஒரு பாட்டி, கும்பகோணம்

பதில்: வில் கொடுங்கள், அம்பு வேண்டாம். வில்லையும் நாண் இல்லாமல், ஒரு கலர்த் துணிநாடா கட்டிக் கொடுங்கள். அந்த வயசுக்குத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவதுதான் விளையாட்டு.

கேள்வி: மகன் இதில் ரொம்ப ஆர்வமாக இருக்கிறான். மூங்கில் வில்லில் பழகினால் பின்னால் போட்டிக்குப் போகும்போது உபயோகப்படுமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: நம் நாட்டுப் போட்டிகளில் இந்தியன் ரவுண்ட் என்று தனிப் பிரிவே இருக்கிறது. அதில் மூங்கில் வில்தான். பெரியவர்கள் 30 மீட்டர், 50 மீட்டர் தூரத்தில் விடுவார்கள். 2012இல் உலகின் முதலிடத்துக்கு வந்த ஜார்க்கண்டின் தீபிகா குமாரியும் சின்ன வயசில் வீட்டில் செய்த மூங்கில் வில்லில் பழகியவர்தான். ஆனால் போட்டி வில் வேறு, நான் சொன்ன விளையாட்டு வில் வேறு. 10 வயசு வரை இது போதும், பிறகு பயிற்சியாளரிடம் அனுப்புங்கள்.

கேள்வி: என் மகள் இடது கையால் எழுதுகிறாள். வில்லை எந்தக் கையில் கொடுப்பது?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: இந்த வில்லுக்கு இடம் வலம் கிடையாது. கேட்க வேண்டியது கையை இல்லை, கண்ணை. இரண்டு உள்ளங்கையையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து நடுவில் சின்னத் துவாரம் விடச் சொல்லுங்கள். கையை நீட்டி, இரண்டு கண்ணும் திறந்தபடி, அந்தத் துவாரம் வழியே உங்கள் மூக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். எதிரே நிற்கிற உங்களுக்குத் துவாரத்தில் அவளுடைய ஒரு கண்தான் தெரியும். இடது கண் தெரிந்தால் வில் வலது கையில், நாணை இழுப்பது இடது கை. வலது கண் என்றால் நேர்மாறு. முதல் நாள் எப்படியும் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்ப்பாள், விட்டுவிடுங்கள்.