ஆன்லைன் வகுப்புக்கு ஒரு சாட்பாட் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணிதம் எடுக்கிறேன். மூன்று பேட்ச், மொத்தம் எழுபது பேர். "லிங்க் அனுப்புங்க மிஸ்", "இன்னைக்கு கிளாஸ் உண்டா?" என்று வரும் மெசேஜ்களுக்குப் பதில் போட்டே பாதி நாள் போய்விடுகிறது. மெசேஜுக்குத் தானாகப் பதில் போடும் சாட்பாட் வைத்தால் சரியாகுமா? வீட்டுப்பாடத்தையும் அதையே திருத்தச் சொல்லலாமா? எனக்கு கோடிங் தெரியாது.

பதில்: மெசேஜ் தொல்லைக்குத் தாராளமாக வைக்கலாம். திருத்தும் வேலையைக் கொடுக்க வேண்டாம். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பாட் தேடும் முன், கடந்த இரண்டு வாரத்தில் வந்த மெசேஜ்களை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். லிங்க், நேரம், ரெக்கார்டிங், எந்தப் பயிற்சி என்று, யார் கேட்டாலும் ஒரே பதில் வரும் கேள்விகள் ஒரு பக்கம். "இந்த ஸ்டெப் ஏன் வருதுன்னு புரியலை மிஸ்" போன்றவை இன்னொரு பக்கம். முதல் பக்கம் மட்டும்தான் பாட்டுக்கு.

2016-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அசோக் கோயல் தன் ஆன்லைன் பாடத்துக்கு 'ஜில் வாட்சன்' என்ற பாட்டை உதவி ஆசிரியர்களோடு சேர்த்துவிட்டார். சுமார் 300 மாணவர்கள், ஒரு செமஸ்டருக்குப் பத்தாயிரம் மெசேஜ் வரை வரும் வகுப்பு அது. பதில் சொல்வது பாட் என்று மாணவர்கள் கண்டுபிடிக்கவில்லை என்பதைத்தான் எல்லாரும் பெரிதாகப் பேசினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: 97 சதவீதமாவது உறுதி இருந்தால்தான் அது வாயைத் திறக்கும். மற்றவை மனிதர்களுக்குப் போய்விடும். உங்கள் பாட் எவ்வளவு எளிமையானதாக இருந்தாலும் இந்த ஒரு குணம் அதற்கு வேண்டும்.

சரி, எங்கே வைப்பது? பெற்றோர் எல்லாரும் வாட்ஸ்அப்பில் இருந்தால், முதலில் அதன் பிசினஸ் செயலியில் உள்ள 'குயிக் ரிப்ளை' (தயாராக எழுதிவைத்த பதிலைச் சட்டென அனுப்பும்) வசதியையும், நீங்கள் இல்லாத நேரத்தில் தானாகப் போகும் பதிலையும் அமைத்துப் பாருங்கள். பாதித் தொல்லை அதிலேயே குறையலாம். முழு பாட் என்றால் வாட்ஸ்அப்பின் அதிகாரப்பூர்வ பிசினஸ் தளம் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே, மாணவர் கடைசியாக மெசேஜ் போட்டு 24 மணி நேரம் கடந்துவிட்டால், முன்கூட்டியே அனுமதி வாங்கிய வாசகத்தை மட்டுமே அனுப்ப முடியும். அதற்குக் கட்டணமும் உண்டு. 'இதை மாட்டினால் போதும், தானாகப் பதில் போகும்' என்று வரும் வேற்றுச் செயலிகளை உங்கள் நம்பரில் இணைக்காதீர்கள். நம்பரே முடங்கிப்போகலாம்.

உங்கள் தேவைக்கு டெலிகிராம் வசதி. 'பாட்ஃபாதர்' என்ற கணக்கிடம் பெயர் கொடுத்தால் புது பாட்டும், அதை இயக்கும் ரகசியச் சாவியான டோக்கனும் கிடைக்கும். டோக்கன் கையில் இருப்பவர்தான் பாட்டின் முதலாளி. குரூப்பில் ஸ்கிரீன்ஷாட் போட்டுவிடாதீர்கள். அப்புறம், கோடிங் இல்லாமல் பட்டன்களை அடுக்கித் தரும் சேவைகள் நிறைய இருக்கின்றன. கூகுள் ஷீட்டில் பதில்களை வைத்து, கூகுளின் சிறு நிரல் எழுதும் வசதியான ஆப்ஸ் ஸ்கிரிப்டால் இணைப்பது இன்னொரு வழி. தெரிந்த பையன் யாராவது இருந்தால் செய்து கொடுத்துவிடுவான்.

எந்த வழியானாலும், மாணவர்களைத் தட்டச்சு செய்ய விடாமல் பட்டன் கொடுங்கள். பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள், 'வரல', 'வர்ல', 'வரலை' என்று ஆளுக்கொரு விதமாக. சொல்லைத் தேடிப் பதில் தரும் பாட் இதில் திணறிப்போகும். 'இன்றைய லிங்க்', 'அட்டவணை', 'ரெக்கார்டிங்', 'வீட்டுப்பாடம்', 'மிஸ்ஸிடம் பேச வேண்டும்' ஆகிய ஐந்து பட்டன் தாராளம்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: டெலிகிராம் பாட் தானாகப் போய் யாருக்கும் முதல் மெசேஜ் அனுப்ப முடியாது. மாணவர் ஒருமுறையாவது 'ஸ்டார்ட்' அழுத்தியிருக்க வேண்டும். ஆகவே முதல் வகுப்பில் ஐந்து நிமிடம் ஒதுக்கி எல்லாரையும் அழுத்த வைத்துவிடுங்கள். பேட்சுக்கு ஒரு தனி அழைப்பு லிங்க் செய்து அதில் ஒரு குறியீட்டைச் சேர்த்தால், வந்தவர் எந்த பேட்ச் என்று பாட் தானே குறித்துக்கொள்ளும். ஆனால் பாட்டின் பெயர் தெரிந்த யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். உங்கள் ஷீட்டில் பதிவான மாணவருக்கு மட்டுமே வகுப்பு லிங்க் போகும்படி அமையுங்கள். யூசர்நேமை நம்பாதீர்கள், அதை நினைத்தபோது மாற்றலாம். டெலிகிராம் தரும் எண் அடையாளம்தான் மாறாதது. வகுப்பில், நீங்கள் அனுமதித்தவரை மட்டும் உள்ளே விடும் வெயிட்டிங் ரூமும் இருக்கட்டும்.

நினைவூட்டலில்தான் பலருக்கும் இடிக்கும். ஆப்ஸ் ஸ்கிரிப்டில் 'தினமும் மாலை 5 மணி' என்று வைத்தால் அது 5-க்கும் 6-க்கும் நடுவே ஏதோ ஒரு நேரத்தில் ஓடும். 5.30 வகுப்புக்கு 5.50-க்கு நினைவூட்டல் வந்தால் என்ன பயன்? சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓடி அட்டவணையைப் பார்க்கும்படி வையுங்கள். வேறு சேவை என்றால் அதன் கடிகாரம் உங்கள் ஊர் நேரத்திலா, யுடிசி எனும் உலகப் பொது நேரத்திலா என்று முதலிலேயே பாருங்கள்.

வருகைப் பதிவை பாட்டிடம் விட வேண்டாம். 'வந்துட்டேன்' பட்டனைப் படுக்கையில் இருந்தே அழுத்தலாம், அழுத்தவும் செய்வார்கள்.

இனி திருத்தும் கதை. 3 × (2 − 5) என்ற கணக்குக்கு ஒரு மாணவன் 6 − 5 = 1 என்று எழுதுகிறான் என்று வையுங்கள். ஏஐ பாட் தயங்காமல் 'விடை −9' என்று வரிசையாகப் படிகளோடு போட்டுக் கொடுக்கும். அவனும் அதைப் பார்த்து எழுதி முடித்துவிடுவான். நீங்களாக இருந்தால், அவன் அடைப்புக்குறிக்குள் முதல் எண்ணை மட்டும் பெருக்குகிறான், போன வாரமும் இதையேதான் செய்தான் என்று பிடித்திருப்பீர்கள். தவிர, கையெழுத்துப் படத்தில் 1-ஐ 7 என்று ஏஐ படிப்பதும் உண்டு. தவறாகப் படித்ததையும் அதே உறுதியோடு திருத்திக் கொடுக்கும், அதுதான் ஆபத்து. வயதுக் கட்டுப்பாடும் இருக்கிறது: சாட்ஜிபிடி 13 வயதுக்குக் கீழானவர்களுக்கு அல்ல, 18 வரை பெற்றோர் சம்மதம் வேண்டும். மாணவர் பெயர், விடைத்தாள் படம் எதையும் அதில் ஏற்றாமல் இருப்பது நல்லது.

ஏஐயை நீங்கள் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒரே வகைக் கணக்கில் எண்களை மாற்றிப் பத்து கேள்வி கேளுங்கள், நொடியில் வரும். விடைகளை மட்டும் நீங்களே போட்டுச் சரிபார்த்துவிடுங்கள். அந்தக் கேள்விகளை டெலிகிராமின் வினாடி வினா வடிவத்தில் பாட் வழியாகவே அனுப்புங்கள். பெயரை மறைக்கும் 'அனானிமஸ்' என்பதை எடுத்துவிடவும் மறக்காதீர்கள். அப்போதுதான் யார் எந்த விடையைத் தேர்ந்தார்கள் என்பது பாட்டுக்குத் தெரியும்.

புரியாத கேள்வி வந்தால் பாட் இப்படிச் சொல்லட்டும்: "இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. மிஸ்ஸிடம் சேர்த்துவிட்டேன், இரவு 8 மணிக்குள் பதில் வரும்." அந்த 8 மணியை நீங்கள் காப்பாற்ற வேண்டும். இரண்டு முறை தவறினால் பிள்ளைகள் பழையபடி உங்கள் நம்பருக்கே வந்துவிடுவார்கள். முதலில் ஒரே ஒரு பேட்சில் ஓட விடுங்கள். இப்படி உங்களிடம் வந்து சேர்ந்த கேள்விகளை வாரக் கடைசியில் எடுத்துப் பார்த்து, ஒரே பதில் உள்ளவற்றை ஷீட்டில் சேர்த்த பிறகு மற்ற இரண்டு பேட்சுக்கும் கொடுக்கலாம்.