இரைச்சலை எடுக்க எதை வாங்கலாம்?

கேள்வி: எலெக்ட்ரிக் கிட்டாரை ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டாரை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) வழியாக லேப்டாப்பில் பதிவு செய்கிறேன். வாசிப்புக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதை நீக்க எந்த பிளக்-இன் (பதிவு மென்பொருளோடு சேர்க்கும் துணை மென்பொருள்) வாங்கலாம்?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: எதையும் வாங்காதீர்கள். பதிவில் ஏறிவிட்ட இரைச்சலைச் சுரண்டி எடுத்தால், ஸ்ட்ரிங் ஓய்ந்து அடங்குகிற கடைசி நாதமும் கூடவே போய்விடும். நாய்ஸ் கேட் (ஒலி ஓர் அளவுக்குக் கீழே போனால் அதை அடைத்துவிடுவது) போட்டாலும் நீங்கள் வாசிக்காத நேரத்தில் மட்டும்தான் அமைதி. கெயினை, அதாவது உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவை, குறைத்தால் கிட்டாரும் சேர்ந்தே குறையும்.

உங்கள் கிட்டாரில் இருப்பது சிங்கிள் காயில் பிக்கப், அதாவது ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சிக்னலாக்கும் ஒற்றைச் சுருள், என்று நினைக்கிறேன். அந்தச் செம்புச் சுருள் ஸ்ட்ரிங்கின் அதிர்வோடு அறையில் ஓடும் மின்சாரத்தையும் ஆன்டெனா மாதிரி பிடிக்கும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் மடங்குகளான 100, 150-உம் சேர்ந்ததுதான் உங்கள் 'ம்ம்ம்'. கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் என்ற பிக்கப் இதற்காகவே பிறந்தது. அதில் இரண்டு சுருள்கள். இரண்டிலும் ஏறும் ஹம், அதாவது இந்த 'ம்ம்ம்', ஒன்றையொன்று அடித்துவிடும்.

அதற்காகக் கிட்டாரை மாற்றச் சொல்லவில்லை. இன்று இரவே ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கிட்டாரை மடியில் வைத்து, சுழல் நாற்காலியில் மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஏதோ ஒரு திசையில் இரைச்சல் சட்டென்று தணியும். அந்தத் திசையைப் பார்த்தே உட்கார்ந்து வாசியுங்கள். மானிட்டர், அடாப்டர் பக்கத்தில் வேண்டாம். டிம்மர் போட்ட விளக்கை அணையுங்கள். ஃபேனையும் ஒரு டேக் முடியும்வரை நிறுத்துங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை. சார்ஜரைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுங்கள். அதோடு சத்தம் போய்விட்டால் குற்றவாளி சார்ஜர்தான்.

ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கி) இருந்தால், எர்த் பின்னை எடுத்துவிட்டால் ஹம் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஆம்ப்பில் கோளாறு வந்தால் மின்சாரம் ஸ்ட்ரிங் வழியாக உங்கள் விரலுக்குத்தான் வரும்.

இன்னொன்று: கேபிளை இன்டர்ஃபேஸில் லைன் இன்புட்டில் (கீபோர்டு போன்றவற்றுக்கான துளை) செருகியிருக்கிறீர்களா? கிட்டாருக்கு 'இன்ஸ்ட்' அல்லது 'ஹை-இசட்' என்று எழுதிய இன்புட் வேண்டும். லைனில் போட்டால் மேல்ஸ்தாயி மழுங்கிப்போகும். அதைச் சரிக்கட்ட ட்ரெபிளை ஏற்றுவீர்கள், இரைச்சலும் ஏறும்.

இத்தனைக்குப் பிறகும் மிஞ்சும் மெல்லிய இரைச்சல், ட்ரம்ஸும் பேஸும் வந்து சேர்ந்தால் காதில் விழாது. அதை விட்டுவிடுங்கள்.