பி.எம்.டபிள்யூவுக்கு ஏன் இவ்வளவு மவுசு? பழையது வாங்கினால் செலவு வைக்குமா?

கேள்வி இரண்டு பாகமாக இருக்கிறது. பி.எம்.டபிள்யூ எப்படி இந்த இடத்துக்கு வந்தது என்பது ஒன்று. செகண்ட் ஹேண்டில் 3 சீரிஸ், 5 சீரிஸ் மலிவாக வருகிறதே, வாங்கலாமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் எஞ்சினில்தான் இருக்கிறது. கார் செய்வதற்குப் பல வருடம் முன்பே எஞ்சின் செய்துகொண்டிருந்த கம்பெனி இது. எஞ்சினை முதலில் முடிவு செய்துவிட்டு அதைச் சுற்றிக் காரைக் கட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஓட்டுபவருக்குக் கிடைக்கும் சுகமும் அதனால்தான், கவனிக்காமல் விட்டால் வரும் பெரிய பில்லும் அதனால்தான்.

ஆரம்பம் மியூனிக் நகரத்தில், விமான எஞ்சினில். கம்பெனி தன் பிறந்த நாளாகக் கணக்கிடுவது 1916 மார்ச் 7. பவேரிய மோட்டார் தொழிற்சாலை என்ற பொருள் தரும் பெயர் 1917-ல் வந்தது. மாக்ஸ் ஃபிரிட்ஸ் என்ற பொறியாளர் வடிவமைத்த ஆறு சிலிண்டர் எஞ்சின், காற்று மெலிந்த உயரத்திலும் சக்தி குறையாமல் இழுத்ததால் பெயர் வாங்கியது. லோகோவில் இருக்கும் நீலமும் வெள்ளையும் சுழலும் விமான விசிறி என்று பலர் எழுதுகிறார்கள். அவை பவேரிய மாநிலத்தின் நிறங்கள். 1929-ல் வந்த ஒரு விளம்பரத்தில் லோகோவை விசிறிக்குள் வரைந்து காட்டினார்கள், விசிறிக் கதை அங்கிருந்து கிளம்பியது.

முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றதும் விமான எஞ்சின் செய்யத் தடை வந்தது. ரயில் பிரேக் செய்து பிழைத்தார்கள். 1923-ல் அதே ஃபிரிட்ஸ் ஆர்32 மோட்டார் சைக்கிளைக் கொடுத்தார். 494 சிசி, 8.5 குதிரைத்திறன். இரண்டு சிலிண்டரும் வண்டியின் இரு பக்கமும் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும், அதனால் சூடு சமமாகத் தணியும். பின்சக்கரத்துக்குச் செயினுக்குப் பதில் ஷாஃப்ட். அந்த அமைப்பு நூறு வருடம் கழித்தும் அவர்களுடைய பெரிய பைக்குகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. காருக்கு வந்தது 1928-ல்தான். ஐசனாக் ஊரில் ஒரு தொழிற்சாலையை வாங்கி, அங்கே ஏற்கெனவே இங்கிலாந்தின் ஆஸ்டின் செவன் காரை உரிமம் பெற்றுச் செய்துகொண்டிருந்ததைத் தொடர்ந்தார்கள். 1933-ல் வந்த 303 மாடலில்தான் முதல் ஆறு சிலிண்டர் கார் எஞ்சினும், இன்று வரை அடையாளமாக இருக்கும் இரட்டைச் சிறுநீரக கிரில்லும் வந்தன.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தைச் சொல்லாமல் தாண்டக் கூடாது. மீண்டும் போர் விமான எஞ்சின் செய்தார்கள். அந்த ஆலைகளில் போர்க் கைதிகளையும் வதைமுகாம் கைதிகளையும் கட்டாய வேலை வாங்கினார்கள். நூற்றாண்டு நிறைவான 2016-ல் கம்பெனி அதற்கு வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தது.

போருக்குப் பிறகு ஐசனாக் சோவியத் பகுதிக்குள் போய்விட்டது. 1950-களில் பி.எம்.டபிள்யூவிடம் இரண்டு துருவங்கள்தான் இருந்தன. மேலே, வி8 எஞ்சினோடு ஆடம்பரமான 502, மிக அழகான 507. அந்த 507 மொத்தமே சுமார் 250 கார்கள்தான் விற்றது. கீழே, முன்பக்கமே கதவாகத் திறக்கும் குட்டி இசெட்டா. அது 1,60,000-க்கு மேல் விற்றது, ஆனால் ஒரு வண்டிக்குக் கிடைத்த லாபம் கொஞ்சம்தான். சம்பளக்காரக் குடும்பம் வாங்கக்கூடிய நடுத்தரக் கார் ஒன்றுகூட இல்லை.

1959 டிசம்பர் 9-ல் நடந்த பங்குதாரர் கூட்டத்தில் கம்பெனியை, மெர்சிடிஸ் கார் செய்யும் டைம்லர்-பென்ஸிடம் ஒப்படைக்கும் திட்டம் வந்தது. சிறு பங்குதாரர்களும் டீலர்களும் எதிர்த்தார்கள். 700 என்ற புதிய மாடலை உருவாக்கிய மொத்தச் செலவையும் ஒரே வருடக் கணக்கில் எழுதி நஷ்டத்தைப் பெரிதாகக் காட்டியிருப்பதை அவர்கள் தரப்பு வக்கீல் பிடித்தார். கணக்கில் குறை இருந்தால் பத்து சதவீத ஓட்டு போதும், கூட்டத்தைத் தள்ளிவைக்கலாம். தள்ளிவைத்தார்கள், திட்டம் காலாவதியானது. அதன்பின் தொழிலதிபர் ஹெர்பர்ட் குவாண்ட் தன் பணத்தை இறக்கினார். அவருடைய வாரிசுகள் கையில் இன்றும் ஏறத்தாழப் பாதிப் பங்கு இருக்கிறது.

இன்று நாம் பி.எம்.டபிள்யூ என்று சொல்வது உண்மையில் 1961-ல் பிறந்தது. அந்த வருடம் பிராங்க்பர்ட் கண்காட்சிக்கு 1500 என்ற நான்கு கதவுக் கார் வந்தது. அந்த வரிசைக்கு நொய கிளாஸ, அதாவது ஜெர்மனில் புதிய வகை, என்று பெயர். 80 குதிரைத்திறன், முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். குடும்பக் காரில் இத்தனையும் சேர்ந்து வந்தது அப்போது பெரிய விஷயம். எஞ்சினை வடிவமைத்த அலெக்ஸ் ஃபான் பால்கன்ஹாசன், பிற்பாடு 2 லிட்டர் வரை பெரிதாக்க இடம் வைத்து பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பாகத்தை, செய்தார். அந்த இடம் எவ்வளவு தாங்கியது தெரியுமா? 1983-ல் நெல்சன் பிக்கே பார்முலா 1 பட்டம் வென்ற 1.5 லிட்டர் டர்போ எஞ்சின் இதே பிளாக்கின் அடிப்படையில் செய்ததுதான். அந்த வரிசையை இரண்டு கதவாகச் சுருக்கி 2 லிட்டர் எஞ்சின் வைத்ததுதான் 1968-ல் வந்த 2002. 1972-ல் 5 சீரிஸ், 1975-ல் 3 சீரிஸ், 1977-ல் 7 சீரிஸ் என்று பெயர் வரிசை நிலைத்தது.

இனி கவர்ச்சிக்கு வருவோம். ஒரே நேர்கோட்டில் ஆறு சிலிண்டர் இருந்தால் முன் மூன்றும் பின் மூன்றும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இயங்கும். பிஸ்டன்கள் மேலும் கீழும் போவதால் வரும் அதிர்வுகள் தமக்குள்ளேயே அடித்துக்கொண்டு காணாமல் போகும், அதிர்வைத் தணிக்கத் தனியாகச் சுழலும் பேலன்ஸ் ஷாஃப்ட் தேவையே இல்லை. 6,000 ஆர்பிஎம்மிலும் ஸ்டீயரிங் நடுங்காமல் இருப்பது அதனால்தான். இந்த நீளமான எஞ்சினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைக்கிறார்கள், பேட்டரியை டிக்கிக்குள் கொண்டுபோகிறார்கள். எடை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிகிறது. பக்கவாட்டில் நின்று பாருங்கள், முன்சக்கரத்துக்கும் கதவுக்கும் நடுவே நீண்ட இடைவெளி தெரியும். இழுப்பது பின்சக்கரம் என்பதால் முன்சக்கரத்துக்குத் திரும்புகிற வேலை மட்டும்தான். கொடைக்கானல் மலைப்பாதையில் வளைவுக்குள் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஸ்டீயரிங் கையை இழுக்காமல் இருந்தால் அதற்குக் காரணம் இந்த அமைப்பு. இன்றைய 1 சீரிஸ், எக்ஸ்1 போன்றவை முன்சக்கர இழுவைக்கு மாறிவிட்டன. நல்ல கார்கள்தான், ஆனால் மேலே சொன்ன சுகத்தைத் தேடுபவர் 3 சீரிஸிலிருந்து தொடங்குவதே சரி.

தமிழ்நாட்டுக்கு நேரடித் தொடர்பு உண்டு. சிங்கப்பெருமாள் கோவில் அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 மார்ச்சில் அவர்கள் ஆலை திறந்தார்கள். பாகங்களாக வந்து இங்கே கோர்க்கும் காருக்குச் சுங்க வரி குறைவு. ஓசூரில் டி.வி.எஸ் ஆலையில் தயாரான அவர்களுடைய 310 பைக்குகள் உலகம் முழுக்கப் போயிருக்கின்றன.

இப்போது பழைய கார். மாடல், நிறம், சன்ரூஃப் எல்லாம் பிறகு. முதலில் எஞ்சின் கோடு, அதாவது கம்பெனி அந்த எஞ்சின் வகைக்கு வைத்த குறியீட்டுப் பெயர், என்ன என்று கேளுங்கள். 2007-லிருந்து 2011 வரை வந்த 320டி, 520டி கார்களில் இருக்கும் என்47 டீசல் எஞ்சினில், வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் பிசகாமல் இயக்கும் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அந்தக் காலத்துச் செயினும், அது விலகாமல் தாங்கும் கைடும் சீக்கிரம் தேயும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். மாற்றுவதற்கு கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்க வேண்டும், செயினைவிடக் கூலி பல மடங்கு ஆகும். பார்க்கப் போகும்போது முந்தைய ராத்திரியிலிருந்து ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து 1,500 முதல் 2,000 ஆர்பிஎம் வரை மெதுவாக ஏற்றும்போது, டேஷ்போர்டு பக்கமிருந்து உலோகம் உரசும் கரகரப்பு கேட்டால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

பெட்ரோலில் 2015 தொடக்கம் வரை வந்த என்20 எஞ்சினுக்கும் செயின் பிரச்சினைதான், காரணம் வேறு. பிளாஸ்டிக் கைடு வெயிலில் காய்ந்த ஓலை போல மொறமொறப்பாகி உடையும். துண்டுகள் எஞ்சின் அடியில் ஆயில் தங்கும் சேம்பரில் விழுந்து ஆயில் உறிஞ்சும் குழாயை அடைக்கும். ஆர்பிஎம்மோடு சேர்ந்து ஏறி இறங்கும் ‘ஙீ’ என்ற சத்தம் முதல் எச்சரிக்கை. ஆயில் பில்டரைத் திறந்து அதில் பழுப்பு நிற பிளாஸ்டிக் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பின் வந்த பி48 பெட்ரோல், பி47 டீசல், ஆறு சிலிண்டர் பி58 மூன்றும் மிகவும் திருந்தியவை. எஃப்30 என்ற தலைமுறை 3 சீரிஸ் வாங்குவதானால் 2016-க்குப் பிந்தையதைத் தேடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. டீசலில் ஒன்று மட்டும் கவனியுங்கள்: புகையின் ஒரு பகுதியைக் குளிரவைத்து எஞ்சினுக்குத் திருப்பி அனுப்பும் ஈஜிஆர் கூலரில் கூலண்ட் கசிந்து கரியோடு சேர்ந்து தீப்பிடித்ததால் 2018-ல் கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்யும் பெரிய ரீகால் நடந்தது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் அந்த வேலை முடிந்ததா என்று டீலரிடம் தெரிந்துவிடும்.

ஆயில் விஷயத்தில் திரை காட்டும் இடைவெளியை நம்பிக் காத்திருக்காதீர்கள். அது பெரும்பாலும் இரண்டு வருடம் வரை போகும், நம் ஊர் வெயிலுக்கும் டிராஃபிக்குக்கும் அது அதிகம். 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். நான்கு சிலிண்டர் 2 லிட்டர் எஞ்சின்களுக்கு 5 முதல் 5.25 லிட்டர், பி58-க்கு 6.5 லிட்டர். டிபிஎஃப், அதாவது டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் பில்டர், உள்ள கார் என்றால் டப்பாவில் பி.எம்.டபிள்யூவின் ஆயில் தரக் குறியான எல்எல்-04 இருக்க வேண்டும். சாம்பல் அதிகமுள்ள ஆயில் ஊற்றினால் டிபிஎஃப் அடைத்துக்கொள்ளும். ஆயில் பில்டர் மூடிக்கும் ஆயில் வடிக்கும் அடி போல்ட்டுக்கும் பல மாடல்களில் முறுக்கு 25 நியூட்டன் மீட்டர்தான், ஓ-ரிங்கும் வாஷரும் ஒவ்வொரு முறையும் புதிது. பல மாடல்களில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குச்சி கிடையாது. சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் சூடான பிறகு திரையில்தான் அளவு பார்க்க வேண்டும்.

என்20, என்52, என்55 பெட்ரோல் எஞ்சின்களில் கூலண்டைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. ஒரு லட்சம் கிலோமீட்டர் வாக்கில் அது முன்னறிவிப்பில்லாமல் நிற்கும். சிவப்பு எச்சரிக்கை வந்த இடத்திலேயே வண்டியை ஓரங்கட்டுங்கள். அலுமினிய ஹெட், வளைந்தால் முடிந்தது கதை. பம்ப் மாற்றிய பின் காற்றை வெளியேற்றத் தெரியாமல் பல ஒர்க்ஷாப்புகள் திணறுகின்றன. முறை இதுதான்: பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டி, கூலண்டைக் குறி வரை நிரப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷன் மட்டும் போடுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டிலும் ஃபேனை ஆகக் குறைந்த வேகத்திலும் வைத்து, ஆக்ஸிலரேட்டரை 10 விநாடி தரையோடு அழுத்தி விடுங்கள். பம்ப் தானாக சுமார் 12 நிமிடம் ஓடி நிற்கும். பிறகு அளவு பார்த்து ஊற்றலாம்.

பேட்டரி மாற்றினால், காரின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனர் வைத்துக் காரில் பதிவு செய்ய வேண்டும். பேட்டரியின் வயதைப் பொறுத்துத்தான் கார் சார்ஜ் செய்கிறது. பதிவு செய்யாவிட்டால் கிழ பேட்டரி என்று நினைத்துக்கொண்டு புதியதை அளவுக்கு மீறி ஏற்றிச் சீக்கிரம் சாகடிக்கும். அதே ஸ்கேனரால் இன்னொரு உபயோகம்: ஓடிய கிலோமீட்டர் மீட்டரில் மட்டும் இல்லை, சாவியிலும் காரின் வேறு சில எலக்ட்ரானிக் மாட்யூல்களிலும் பதிவாகிறது. எண்கள் ஒத்துப்போகாவிட்டால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள்.

8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அருமையானது. ஆயில் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று விற்பவர் சொல்வார். கியர்பாக்ஸைச் செய்யும் இசட்.எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. பில்டர், கியர்பாக்ஸின் அடியிலுள்ள பிளாஸ்டிக் ஆயில் தட்டுக்குள்ளேயே இருப்பதால் தட்டையே மாற்ற வேண்டும். எஞ்சின் ஐடிலில் ஓட, கியர் ஆயில் 30-லிருந்து 50 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் அளவு சரியாக வரும்.

டெஸ்ட் டிரைவில் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் உதறினால் டிஸ்க் மட்டும் காரணம் என்று நினைக்காதீர்கள். முன் சஸ்பென்ஷன் ஆர்மில் திரவம் நிரப்பிய ரப்பர் புஷ் இருக்கிறது, அது கிழிந்து ஒழுகியிருக்கலாம். மாற்றும்போது வண்டி ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருக்கையில் போல்ட்டை முறுக்கினால் புஷ் முறுகிய நிலையிலேயே நின்று சில மாதத்தில் மறுபடி கிழியும். சக்கரத்தின் மீது எடை இறங்கிய பிறகே கடைசி முறுக்கு. டயர் ரன்-ஃபிளாட்டா என்றும் பாருங்கள். பஞ்சரானாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோமீட்டர் போகலாம், ஆனால் பக்கச் சுவர் விறைப்பு என்பதால் பள்ளத்தில் குலுக்கல் அதிகம். சாதா டயர் மாட்டியிருந்தால் டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.